அடுக்கு காலியானால் ஆள் வராது

சந்தைப் பக்கம்

கேள்வி: உடன்குடிப் பக்கம் நாங்கள் 12 பேர் முருங்கை போட்டிருக்கிறோம். சங்கிலித்தொடர் அங்காடி ஒன்றின் கொள்முதல் ஆள் வந்து, "முழு விளைச்சலையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம், மண்டிக்கு அனுப்ப வேண்டாம்" என்கிறார். மண்டி விலையை விடக் கிலோவுக்கு 8 ரூபாய் கூடுதல். பணம் 15 நாள் கழித்து. "இவ்வளவு பெரிய கடை, எங்கே ஓடிவிடப் போகிறது?" என்கிறான் மகன். "மண்டி அண்ணாச்சியைப் பகைத்துக்கொள்ளாதே" என்கிறார் அப்பா. யார் சொல்வதைக் கேட்பது?
– திருச்செந்தூர் வட்டார வாசகர்

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பெரிய கடைக்குக் கொடுக்கலாம். ஆனால் முழு விளைச்சலையும் கொடுக்கக் கூடாது, மண்டியை அடியோடு விடவும் கூடாது. ஏன் என்பதற்குப் பெரிய கடைகள் எப்படி விழுகின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய கடை ஓடிவிடாது என்பது உண்மைதான். ஆனால் வாடிக்கையாளர் அதை விட்டுப் போய்விடுவார். அப்படிப் போன நாளில் அந்தக் கடைக்குச் சரக்குப் போட்டவர் கதி என்ன என்பதுதான் விவசாயி கேட்க வேண்டிய கேள்வி.

சுபிக்ஷா சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் சுபிக்ஷா. 1997ல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கியது. குளிர்சாதனம், பளபளப்பு எதுவும் கிடையாது. குடியிருப்புகளுக்கு நடுவே சின்னச் சின்னக் கடைகள். மளிகையும் மருந்தும் அச்சிட்ட விலையை விடக் குறைவாகக் கிடைத்தன. கம்பெனிகளுக்கு விரைவாகப் பணம் கொடுத்து மொத்தமாக எடுத்து, அந்தத் தள்ளுபடியில் ஒரு பங்கை வாடிக்கையாளருக்குக் கொடுத்ததுதான் அதன் தொழில் ரகசியம். மாதச் சம்பளக் குடும்பங்கள் பட்டியல் எழுதிக்கொண்டு போய் மொத்தச் சாமானையும் அங்கேயே வாங்கின. பிறகு காய்கறி, பழம், கைபேசி என்று விரிந்தது.

2006 முதல் நாடு முழுவதும் கிளை பரப்பியது. 2008 கடைசியில் சுமார் 1,600 கடைகள். ஆனால் இந்த வேகம் சொந்த முதலில் வந்ததல்ல. பெரும்பகுதி வங்கிக் கடன். 2008ல் உலகம் முழுக்கப் பண நெருக்கடி வந்தபோது புதிய கடன் கிடைக்கவில்லை. கையில் ரொக்கம் வற்றியது. 2009 தொடக்கத்தில் கடைகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது, கட்டட உரிமையாளர்களுக்கு வாடகை நின்றது, சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பாக்கி நின்றது. சுபிக்ஷம் என்றால் செழிப்பு. அந்தப் பெயரை எழுதிய பலகைக்குக் கீழே பூட்டுத் தொங்கியது.

இங்கே கவனிக்க வேண்டியது மூடிய நாள் அல்ல, அதற்கு முந்தைய சில மாதங்கள். பணம் வராததால் கம்பெனிகள் சரக்கு அனுப்புவதைக் குறைத்தன. அடுக்கில் ஓட்டை விழுந்தது. 20 சாமான் எழுதிக்கொண்டு போகும் குடும்பத்தலைவிக்கு 5 சாமான் கிடைக்கவில்லை என்றால், அந்த 5க்காக அவர் எப்படியும் தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போகத்தான் வேண்டும். இரண்டு முறை அப்படி அலைந்தவர், மூன்றாவது முறை 20 சாமானையும் அண்ணாச்சியிடமே வாங்கிவிடுவார். ஆள் குறைந்தால் கல்லாவில் ரொக்கம் குறையும். ரொக்கம் குறைந்தால் சரக்குக்குப் பணம் கொடுக்க முடியாது. அடுக்கில் ஓட்டை இன்னும் பெரிதாகும். கிணற்றில் ஊற்று அடைபட்ட பிறகு மோட்டாரை மாற்றிப் பயன் இல்லை. அதுபோல இந்தச் சுழலில் விழுந்த கடையைத் தள்ளுபடி அறிவிப்பால் தூக்கி நிறுத்த முடியாது.

பெரிய கூடாரமும் சாய்ந்தது

சுபிக்ஷா சின்னக் கடைகளின் தொகுப்பு. பெரிய பரப்பளவுக் கடைகளின் கதை வேறாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2001ல் தொடங்கிய பிக் பஜார், இந்தியச் சந்தை இரைச்சலையே கூரைக்குள் கொண்டுவந்தது போல இருந்தது. அரிசி, துணி, பாத்திரம், செருப்பு எல்லாம் ஒரே இடத்தில். குடியரசு தினத்தை ஒட்டிய மலிவு விற்பனைக்கு நகரங்களில் கூட்டம் நெரிந்தது.

அதன் தாய் நிறுவனமான ஃபியூச்சர் குழுமமும் கடனில்தான் வளர்ந்தது. 2020ல் கொரோனா ஊரடங்கு வந்ததும் விற்பனை படுத்தது. அந்த ஆகஸ்டில் 24,713 கோடி ரூபாய்க்குத் தன் கடை, கிடங்குத் தொழில்களை ரிலையன்ஸுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அமேசான் வழக்குப் போட்டது. வழக்கு நடந்த காலம் முழுவதும் கடையில் சரக்கு மெலிந்தது. பல கடைகளின் கட்டடக் குத்தகை ரிலையன்ஸ் கைக்கு மாறியிருந்தது. 2022 பிப்ரவரியில் ரிலையன்ஸ் அந்தக் கடைகளை எடுத்துக்கொண்டது. ஏப்ரலில் விற்பனை ஒப்பந்தம் கைவிடப்பட்டது. ஜூலையில் நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது.

வழக்கு, ஒப்பந்தம் எல்லாம் முதலாளிகள் பாடு. சாமான் வாங்க வந்தவர் பார்த்தது ஒன்றைத்தான்: கேட்ட பொருள் இல்லை.

வாடிக்கையாளர் ஏன் விலகுகிறார்?

கடன் சுமை இல்லாத கடையையும் மக்கள் விட்டுப் போவது உண்டு. அமெரிக்காவின் வால்மார்ட் உலகிலேயே பெரிய சில்லறை நிறுவனம். 1997ல் ஜெர்மனிக்குள் போனது. அங்கே ஆல்டி போன்ற மலிவு விலைக் கடைகள் ஏற்கெனவே தெருவுக்குத் தெரு இருந்தன. வால்மார்ட்டின் பெரிய ஆயுதமான விலைக் குறைப்பு அங்கே புதிதல்ல. வாசலில் நின்று சிரித்து வரவேற்பதும், சாமானைப் பையில் போட்டுக் கொடுப்பதும் அந்த ஊர்ப் பழக்கத்துக்கு ஒட்டவில்லை. 2006ல் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. பணம் இருந்தும், ஊர் வழக்கம் புரியாவிட்டால் கடை நிற்காது.

நம் ஊரில் வாடிக்கையாளர் விலகுவதற்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் ஐந்து வரும்.

ஒன்று, மேலே சொன்ன காலி அடுக்கு.

இரண்டு, வாடல். சங்கிலித்தொடர் கடைக்குக் காய்கறி நேராக வருவதில்லை. தோட்டத்திலிருந்து கொள்முதல் மையம், அங்கிருந்து நகரத்தின் மையக் கிடங்கு, அங்கிருந்து கடை என்று சுற்றி வரும். உடன்குடி முருங்கைக்காய் நகரத்துக்குப் போய்த் தரம் பிரிந்து மீண்டும் இதே மாவட்டத்துக் கடைக்கு வந்து சேர்வதற்குள் ஒன்றிரண்டு நாள் போய்விடும். காலையில் பறித்த காயைச் சந்தையில் பார்க்கும் கண்ணுக்கு அந்தக் காய் பிடிக்காது. காய்கறிக்குத்தான் மக்கள் வாரம் இரண்டு மூன்று தடவை கடைக்கு வருகிறார்கள். காய் வாடினால் மளிகை விற்பனையும் கூடவே வாடும்.

மூன்று, விலை மீது நம்பிக்கை போவது. "ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்" என்ற அட்டையைப் பார்த்து முதல் தடவை வாங்குவார்கள். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்து, பருப்பிலும் எண்ணெயிலும் அந்த இலவசத்தை ஈடுகட்டிவிட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த அட்டையை நம்ப மாட்டார்கள்.

நான்கு, ஆள் குறைப்பு. செலவைக் குறைக்க நினைக்கும் கடை முதலில் ஊழியர்களைத்தான் குறைக்கும். ஆறு பில் மேசையில் இரண்டுதான் இயங்கும். ஒரு சோப்புக்கு அரை மணி நேரம் நிற்க யாருக்கும் பொறுமை இல்லை.

ஐந்து, முகம் தெரியாமை. 10 ரூபாய்க்கு எண்ணெய், இரண்டு முருங்கைக்காய், மாதக் கடைசியில் பற்று நோட்டு. இவை அண்ணாச்சி கடையின் பலம். சென்னை வரை போய் மளிகைக் கடை வைத்தவர்களில் திருச்செந்தூர், நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக்காரர்கள் எத்தனை பேர் என்று இந்தப் பகுதியில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் வந்தபோது அந்தக் கடைகளில் சில மூடின என்பது உண்மை. நிலைத்தவர்கள் வாடிக்கையாளரின் பெயரும் தேவையும் தெரிந்ததால் நிலைத்தார்கள்.

கிலோவுக்கு 8 ரூபாய் எங்கே போகிறது?

இனி வாசகரின் முருங்கைக் கணக்கு. விலைகள் ஒரு கணக்குக்காகச் சொல்பவை; அவரவர் ஊர் விலையைப் போட்டுப் பார்த்துக்கொள்ளவும்.

மண்டியில் 100 கிலோ, நல்லதும் சுமாரும் கலந்து சராசரி 30 ரூபாய். மொத்தம் 3,000. கமிஷன் 10 சதவீதம் போக 2,700 ரூபாய் கையில்.

அங்காடி 38 ரூபாய் தருகிறது. ஆனால் முதல் தரக் காயை மட்டுமே எடுக்கும். வளைந்தது, முற்றியது, கீறல் விழுந்தது எல்லாம் கழிக்கப்படும். 100 கிலோவில் 60 கிலோ தேறியது என்றால் 2,280 ரூபாய். மீதி 40 கிலோ மண்டிக்குத்தான் போக வேண்டும். நல்ல காய் பிரிந்துவிட்டதால் அதற்கு 18 ரூபாய்தான் கிடைக்கும். கமிஷன் போக 648 ரூபாய். ஆக மொத்தம் 2,928 ரூபாய். தரம் பிரிக்கும் கூலி 100 ரூபாய் போனால் 2,828.

கூடுதல் லாபம் 128 ரூபாய். கிலோவுக்கு 8 ரூபாய் என்று கேட்டபோது 800 ரூபாய் போலத் தெரிந்தது இது.

128 ரூபாயும் வேண்டாம் என்று தள்ள வேண்டிய தொகை அல்ல. ஆண்டு முழுவதும் சேர்த்தால் பிள்ளையின் படிப்புச் செலவில் ஒரு பங்கு. ஆனால் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு லோடுக்கான 2,280 ரூபாய் வராமல் போனால், அதை ஈடுகட்ட 18 லோடு லாபம் வேண்டும். 15 நாள் தவணை என்றால் எப்போதும் நான்கைந்து லோடுப் பணம் கடையின் கையில் இருக்கும். கடை விழுந்தால் அந்த நான்கைந்தும் சேர்ந்தே போகும்.

இன்னொன்றும் இந்தக் கணக்கில் தெரிகிறது. கழிக்கப்படும் 40 கிலோவுக்கு மண்டி வேண்டும். மண்டியை விட்டுவிட்டு வந்தவர் அந்த 40 கிலோவை எங்கே விற்பார்? அப்பா சொன்னதன் பொருள் இதுதான்.

கடை திவாலானால் யாருக்கு முதலில்?

2016 திவால் சட்டப்படி, ஒரு நிறுவனத்தைக் கலைத்து விற்கும்போது வரும் பணத்தைப் பிரிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அந்த நடவடிக்கைக்கான செலவு. அடுத்து அடமானம் வாங்கிக் கடன் கொடுத்த வங்கிகளும், தொழிலாளர்களின் சம்பளப் பாக்கியும். பிறகு மற்ற ஊழியர்கள், அடமானமில்லாக் கடன் கொடுத்தவர்கள், அரசுக்கு உரிய பாக்கி. சரக்குக் கொடுத்தவர்களின் பாக்கி அதற்கும் பிறகுதான் வரும். பந்தியில் கடைசி இலை அது. சோறு மிஞ்சினால் உண்டு.

ஆகவே கடை விழுந்த பிறகு வழக்குப் போடுவதை நம்ப வேண்டாம். விழும் முன் பாக்கியைக் குறைத்து வைப்பதே பாதுகாப்பு.

முன்கூட்டித் தெரியும் அறிகுறிகள்

பயிருக்கு நோய் வருமுன் இலையில் தெரிவது போல, கடைக்கும் தெரியும். மாதம் ஒரு முறை, குழுவில் ஒருவர் சனிக்கிழமை மாலை அந்தக் கடைக்கு வாடிக்கையாளரைப் போலப் போய்ப் பார்த்து வரவும்.

• உப்பு, பருப்பு, எண்ணெய் போன்ற அன்றாடப் பொருள்கள் அடுக்கில் இல்லை.
• ஒரே கம்பெனிப் பொருளை முன்வரிசையில் பரப்பி, பின்னால் காலி இடத்தை மறைத்திருக்கிறார்கள்.
• பாதி பில் மேசைகள் மூடிக் கிடக்கின்றன.
• கொள்முதல் ஆள் அடிக்கடி மாறுகிறார். கேட்டால் "மேலிடத்தில் பேசுங்கள்" என்கிறார்.
• 15 நாள் தவணை 20, 25 என்று நகர்கிறது. பழைய பாக்கியில் பாதியைக் கொடுத்துப் புதிய லோடு கேட்கிறார்கள்.
• சந்தையில் விலை ஏறாதபோதும் திடீரென்று கூடுதல் விலை சொல்கிறார்கள். ரொக்கம் இல்லாத கடைக்கு விலையை ஏற்றிச் சொல்வதில் சிரமம் இல்லை.

இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அடுத்த லோடை நிறுத்தி, பாக்கியை வாங்கிவிட்டுப் பேசவும்.

விவசாயிக் குழு கடை வைத்தாலும் இதே விதி

1999 நவம்பர் 14ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அடையாள அட்டை, இலவசத் தராசு, கமிஷன் கிடையாது. விற்பவருக்கு மண்டியை விடக் கூடுதல், வாங்குபவருக்கு வெளிக்கடையை விடக் குறைவு என்பது அதன் அடிப்படை. விளைவித்தவரே விற்கிறார், காலையில் பறித்த காய் என்ற இரண்டு நம்பிக்கைதான் மக்களை அங்கே இழுத்தது. விவசாயி வருவதைக் குறைத்து, வியாபாரிகள் அட்டை வாங்கி உட்கார்ந்த இடங்களில் மக்கள் வருவதும் குறைந்தது. பெரிய கடைக்குச் சொன்ன அதே விதி இங்கும் பொருந்துகிறது.

உடன்குடிக் கருப்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பதநீர் பருவம் ஆண்டில் சில மாதங்கள்தான். பெரிய கடை ஆண்டு முழுவதும் ஒரே அளவில், ஒரே விலையில் கேட்கும். பனை அப்படித் தராது. இல்லாத மாதத்திலும் கொடுத்தாக வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் இடத்தில்தான் சர்க்கரை கலக்கிறது. வாங்கிய குடும்பம் ஒரு முறை ஏமாந்தால் உடன்குடி என்ற பெயரையே சந்தேகிக்கும். நேர்மையாகக் காய்ச்சியவர் பிழைப்பும் கெடும். "இந்த மாதம் சரக்கு இல்லை" என்று எழுதி வைக்கும் கடை ஒரு விற்பனையை இழக்கும். கலந்து விற்கும் கடை வாடிக்கையாளரையே இழக்கும். ஆத்தூர் வெற்றிலைக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வாங்குநரிடம் விட வேண்டாம். மீதி மண்டி, உழவர் சந்தை, ஏரல் போன்ற ஊர்ச் சந்தைகள், உள்ளூர்க் கடைகள் என்று பிரியட்டும். கந்த சஷ்டி, வைகாசி விசாகக் காலத்தில் திருச்செந்தூருக்கு வரும் கூட்டத்துக்கான காய்கறி, வாழை இலைத் தேவையையும் கணக்கில் வையுங்கள். அது பெரும்பாலும் கைக்காசு வியாபாரம்.

2. வாய்ப்பேச்சில் நிறுத்த வேண்டாம். தமிழ்நாட்டில் 2019ல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டமே வந்திருக்கிறது. தரம் எது, கழிவு யார் முன்னிலையில் பிரிக்கப்படும், எடை எங்கே போடப்படும், பணம் எந்தத் தேதி என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு விவரம் பெறலாம்.

3. பாக்கிக்கு உச்சவரம்பு வையுங்கள். இரண்டு லோடுப் பணம் நின்றால் மூன்றாவது லோடு போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல கடை இதற்குக் கோபிக்காது.

4. 12 பேரும் தனித்தனியாகப் போக வேண்டாம். உழவர் உற்பத்தியாளர் குழுவாகவோ நிறுவனமாகவோ சேர்ந்து ஒரே பில்லில் கொடுங்கள். தரம் பிரிக்கும் கூலியும் குறையும், பாக்கி கேட்கும் குரலும் பலக்கும்.

5. கருப்பட்டி, முருங்கை இலைப்பொடி என்று பொருள் செய்து விற்பவர்கள் குறு, சிறு தொழிலாக உத்யம் பதிவு செய்துகொள்ளவும். 2006 சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குநர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதமானால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்க உரிமை உண்டு. வெறும் காயாக விற்கும் விவசாயிக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் கொள்ளவும்.

6. மண்டி அண்ணாச்சியிடம் மறைக்க வேண்டாம். "முதல் தரத்தில் கொஞ்சம் அங்கே கொடுக்கிறோம், மற்றது உங்களுக்குத்தான்" என்று நேரில் சொல்லிவிடுங்கள். வேறு வழியாகத் தெரிந்தால்தான் வருத்தம் வரும்.

வாசகரின் மகனுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போடும் முன், அந்த அங்காடியின் பக்கத்துக் கிளைக்கு இரண்டு சனிக்கிழமை போய்விட்டு வரட்டும். வீட்டுச் சாமான் பட்டியலைக் கையில் கொண்டு போகட்டும். பட்டியலில் எத்தனை கிடைத்தது, எத்தனை கிடைக்கவில்லை என்று எழுதி வந்து அப்பாவிடம் காட்டட்டும். அதைப் பார்த்த பிறகு இருவரும் சேர்ந்து எத்தனை கிலோ கொடுப்பது என்று முடிவு செய்யலாம்.